மாருதியும் குட்டி யானையும்

இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பேசப் புகுந்தால் வழக்கமாக எழுபவை மூன்று கேள்விகள்: விலை என்ன, மைலேஜ் என்ன, விற்றால் என்ன தேறும்? இவற்றுக்கு விடை சொல்ல இயந்திரம் அறிந்தோர் பலர் உளர். தமிழிலக்கியம் கற்று, அதையே கற்பித்தும் வருகிற நமக்கு அக்களத்தில் வேலையில்லை. ஆயினும் ஒரு சமூகம் எந்த வண்டியைப் பேணி நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைக் கண்முன்னே வைத்துக்கொண்டே காணாமல் விடுகிறது என்பது இலக்கியத்தைச் சார்ந்த கேள்விதான். அந்தக் கேள்வியோடுதான் மாருதி 800 என்ற பழைய சிறுகாரையும், அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பின்னால் வந்த டாட்டா ஏஸ் என்ற சிறு சுமைவண்டியையும் இங்கே அருகருகே நிறுத்திப் பார்க்கிறோம். ‘டாட்டா ஏஸ்’ என்றால் சிலருக்குச் சட்டென விளங்காமல் போகலாம். ‘குட்டி யானை’ என்றால் தமிழ்நாட்டில் விளங்காதவர் இல்லை.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாருதி நடுத்தர வர்க்கத்தின் வாசலை மாற்றியது. குட்டி யானை சிற்றூர்களின் பிழைப்பை மாற்றியது. முன்னதைப் பற்றித் தமிழில் வேண்டிய மட்டும் உருகியாயிற்று. பின்னதற்கு ஒரு நல்ல பத்திகூட வாய்க்கவில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. அதைச் சில வேளைகளில் மனித உயிர்கள் கொடுக்கின்றன.

மாருதியின் கதை பலரும் அறிந்தது. 1981இல் அரசு நிறுவனமாகத் தொடங்கிய மாருதி உத்யோக், 1982இல் ஜப்பானின் சுசூகியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை வழங்கினார். விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அம்பாசிடர், பிரிமியர் பத்மினி என்ற இரண்டு கனத்த உருவங்களையே கண்டு பழகியிருந்த நாடு இது. அவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அங்கே மூன்று சிலிண்டரும் 796 சிசி எஞ்சினும் ஏறத்தாழ 650 கிலோ எடையுமாக வந்து நின்ற இந்த வண்டியைத் தீப்பெட்டி என்று நகைத்தவர்கள் உண்டு. நகைத்தவர்களே பிறகு வாங்கினார்கள். வங்கி அலுவலர், மருத்துவர், கல்லூரி ஆசிரியர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர் என்று ஒரு புதிய வாசல் வரிசை உருவாயிற்று. ஸ்டியரிங் இலேசாக இருந்ததால் பெண்கள் பலர் கார் ஓட்டப் பழகியதும் இதில்தான். 2010 ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்றிருந்தன. அது விடைபெற்றபோது எழுதப்பட்ட இரங்கற்பாக்களைச் சேர்த்தால் ஒரு தொகைநூலே ஆகும்.

குட்டி யானையின் பிறப்புக்கு அத்தகைய விழாக்கோலம் வாய்க்கவில்லை. 2005 மே மாதத்தில் அது சந்தைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு டன்னுக்குட்பட்ட சுமையை ஊருக்குள் கொண்டுசெல்லப் பெரும்பாலும் மூன்று சக்கர வண்டிகளே இருந்தன. சென்னையில் மீன்பாடி வண்டி, மற்ற ஊர்களில் லோடு ஆட்டோ. அதை விட்டால் டெம்போ அல்லது லாரி. நூறு வாழைத்தாரை ஏற்றிப் போகிறவனுக்கு லாரி வாடகை கட்டுபடியாகாது. பெருநகரங்களிலோ பகற்பொழுதில் லாரிகளுக்குத் தடை. இதற்கிடையே நாற்கரச் சாலைகள் வந்தன. நெடுஞ்சாலை லாரிகள் மேலும் பெருத்தன. பெருத்தவை ஊருக்கு வெளியே நின்றுவிட்டன. நெடுஞ்சாலைக்கும் சந்துக்கும் இடையே ஒரு வண்டி தேவைப்பட்டது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கியது போன்ற 702 சிசி எஞ்சின், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சுமை, சுமார் இரண்டேகால் லட்சம் விலை என்று அந்த இடைவெளிக்குள் இது நுழைந்தது. 2017க்குள் இருபது லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன. பின்னாலேயே 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் போன்ற சற்றே பெரிய வண்டிகளும் ஊர்தோறும் பெருகின. இன்று ‘பிக்கப்’ என்பது எந்தக் கிராமத்திலும் விளக்கம் வேண்டாத சொல்.

இரண்டின் அளவுகளையும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். சுமைவண்டியின் எஞ்சின் காரின் எஞ்சினைவிடச் சிறியது. அதன் குதிரைத் திறன் காரினுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் அது சுமக்கும் முக்கால் டன் என்பது ஒரு மாருதியின் முழு எடையைவிட அதிகம். தட்டின் நீளம்தான் போதாதே தவிர, எடைக்கணக்கில் மாருதி 800ஐத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு மேலும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு குட்டி யானை போய்விடும்.

பெயர்களில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மாருதி என்பது காற்றின் மைந்தன் பெயர். சஞ்சீவி மலையைப் பெயர்த்து எடுத்துவந்தவன் பெயர். அந்தப் பெயர் நால்வர் அமர்ந்து, பின்னால் இரண்டு பெட்டி வைத்தாலே நிறைந்துவிடும் வண்டிக்கு வாய்த்தது. மலையைச் சுமக்க வந்த வண்டிக்கோ நிறுவனம் இட்ட பெயர் ‘ஏஸ்’. சீட்டாடுவோர் மொழியில் ஆஸ். மக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள். இங்கே ‘குட்டி யானை’ என்றார்கள். உருவத்தில் குட்டி, உழைப்பில் யானை. இவ்வளவு பொருத்தமான ஆகுபெயரை அண்மைக் காலத்தில் எந்தக் கவிஞரும் படைத்ததாக நமக்கு நினைவில்லை. யாரோ ஒரு சுமைக்கூலி, யாரோ ஒரு கிளீனர் முதன்முதலாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெயரை எந்த அகராதியும் குறித்துவைக்கப் போவதில்லை.

சட்டத்தின் கண்ணுக்கு இவ்விரண்டும் இலகுரக வாகனங்களே. இலகுரக உரிமம் உள்ளவர் 7500 கிலோவுக்குட்பட்ட சுமைவண்டியையும் ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. ஆக, மாருதி ஓட்டத் தெரிந்தவரின் உரிமம் குட்டி யானைக்கும் செல்லும். பேதம் எண் பலகையில் தொடங்குகிறது. காருக்கு வெள்ளைப் பலகை. சுமைவண்டிக்கு மஞ்சள் பலகை. வெள்ளைப் பலகைக்கு ஒருமுறை வரி கட்டிப் பதிந்துவிட்டால் பதினைந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மஞ்சள் பலகையோ தவறாமல் எஃப்.சி. காட்ட வேண்டும், காப்பீடு கூடுதல், சோதனைச் சாவடிதோறும் ஓரங்கட்ட வேண்டும். வெள்ளைப் பலகை வீட்டுக்கு வருகிற நாளில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆரத்தி எடுத்து, படமெடுத்து மாட்டுவார்கள். மஞ்சள் பலகைக்கும் எலுமிச்சம்பழம் உண்டு. மறுநாள் காலையே அது லோடு ஏற்றப் போயாக வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

*

பழந்தமிழ்ப் புலவர்களுக்கு இந்தப் பேதம் தெரியாததன்று. தேர் ஒருபுறம், சகடம், சாகாடு, ஒழுகை என்று பலவாறு வழங்கிய சுமைவண்டி மறுபுறம். தேருக்கு மணியும் கொடியும் கொடுஞ்சியும் உண்டு. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி என்பதை இன்றும் பள்ளிப் பிள்ளை அறியும். ஆயினும் அப்புலவர்கள் உப்பு வணிகரின் வண்டியைப் புறக்கணிக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியின் உருளை, பார், அதன்மேல் கட்டிய கோழிக்கூடு, கயிற்றில் தொங்கும் காடிக்கலம், பிள்ளையை உடன்வைத்துக்கொண்டு எருதுகளை ஓட்டும் பெண் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. அந்த வண்டி ஒரு குடும்பம். அந்தப் புலவர் அதன் அருகில் நின்று பார்த்திருக்கிறார்.

ஔவையார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்தவர், புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அவனுக்கு உவமையாகத் தேரைத் தேடவில்லை. மேடு பள்ளம் எப்படியிருக்குமோ என்றஞ்சி உமணர்கள் தம் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சைத்தான் உவமையாக்கினார். இளவரசன் ஒருவனைச் சுமைவண்டியின் மாற்று அச்சாகக் காண்பதற்கு, சுமைவண்டியின் மேல் எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்! வள்ளுவரும் அளவுக்கு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்று சொல்லும்போது சந்தைக்குப் போகிற வண்டியையே நினைக்கிறார். தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்று அவர் வேறோரிடத்தில் சொன்னது, இத்தகைய ஒப்பீடுகளுக்கு இறங்கும் எவரும் மறக்கக்கூடாத எச்சரிக்கை. எது உயர்ந்தது என்ற கேள்வியே பிழை. எது எங்கே ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

நூறாண்டுக்கு முந்தைய கிராமத்திலும் இரண்டு வண்டிகள் இருந்தன. பண்ணையார் வீட்டு வில்வண்டி, குடியானவனின் கட்டைவண்டி. வில்வண்டியில் மெத்தை உண்டு, காளைகளுக்குச் சலங்கை உண்டு. கட்டைவண்டியில் எருவும் நெல்லும் போகும். யார் எதில் அமரலாம் என்பது சாதி வகுத்த வரம்பாகவும் இருந்தது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார் என்பது வரலாறு. ஒரு வண்டியில் அமர்ந்து போவதே உரிமைப் போராட்டமாக இருந்த மண் இது. அமர்ந்து போவதற்கும் சுமையோடு சுமையாக நின்று போவதற்கும் இடையிலுள்ள தூரம் நம் சமூகத்தில் வெறும் வசதிக் கணக்காக என்றுமே இருந்ததில்லை.

நவீன இலக்கியத்தில் கார் ஓர் உலகம். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ மழையில் வந்து நிற்கும் ஒரு காரிலிருந்தே விரிகிறது. அதன் கதவு திறப்பதில் இரு வர்க்கங்கள் சந்தித்துக்கொள்கின்றன. லாரிக்கும் ஓரளவு இடம் கிடைத்தது. ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் துரைக்கண்ணு லாரி ஓட்டுகிறவர்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறுவண்டிக்கு, நாம் வாசித்த அளவில், கதையின் ஓரத்தில் கடந்துபோகும் இடமே கிடைத்திருக்கிறது. வீடு மாற்றும் காட்சியில் வரும்; சாமான் இறங்கியதும் போய்விடும். ஓட்டி வந்தவருக்குப் பெயர் இருக்காது.

நம் வகுப்பில் ஒருமுறை ‘எங்கள் வீட்டு வண்டி’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். பலர் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினர். சிலர் இனி வாங்கப்போகும் காரைப் பற்றி எழுதினர். ஒரு மாணவியின் தந்தை சொந்தமாகக் குட்டி யானை வைத்து ஓட்டுபவர். அவளோ எப்போதோ தாய்மாமன் வைத்திருந்த மாருதியைப் பற்றி எழுதியிருந்தாள். ஏனம்மா என்று கேட்டோம். “அது லோடு வண்டிதான ஐயா, அதுல எழுதுறதுக்கு என்ன இருக்கு?” என்றாள்.

பேசப் பேச ஒரு நாவலுக்குரிய செய்தி வந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ ஏற்றப் போவது. திரும்பும்போது வெறும் வண்டியாக வரக்கூடாதென்று மார்க்கெட்டில் காத்துக் கிடப்பது. மாதம் பிறந்தால் டியூ. இரண்டு டியூ நின்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்களே என்று தெரு முனையில் நிறுத்தாமல் உறவினர் வீட்டுப் பின்புறத்தில் நிறுத்துவது. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் சீர்வரிசையும் பந்தல் சாமானும் கிடைத்தால் வீட்டில் சிரிப்பு, ஆடியில் மௌனம். தட்டின் பின்கதவில் தம் பெயரை எழுதியிருப்பதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் மாறியது. தம்பியின் பெயரோடு தன் பெயரையும் அப்பா எழுதியிருக்கிறார் என்றாள். காருக்குள் அமர்ந்து கண்ணாடி வழியே உலகைப் பார்த்தவர்களின் நினைவுகள் நமக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டன. அந்தப் பின்கதவில் எழுதிய பெயர்களின் கதை இனித்தான் வர வேண்டும்.

2020இன் ஊரடங்கு நாட்களை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளைப் பலகைகள் உறையிட்டு வாசலில் நின்றன. கோயம்பேடு சந்தை மூடப்பட்ட வாரங்களில் தெருத்தெருவாகத் தக்காளியும் வெங்காயமும் கொண்டுவந்தவை மஞ்சள் பலகைகள்தாம். அரிசி மூட்டை, பால், தண்ணீர் கேன், ஆக்சிஜன் உருளை எல்லாம் அவற்றின் முதுகில் வந்தன. அச்சு முறிந்த வேளையில் சேம அச்சு உதவியது. முறிவு சரியானதும் அதைப் பழையபடி அடியில் கட்டிவிட்டு மறந்துபோனோம்.

*

இனி, மறக்கக்கூடாத செய்திக்கு வருகிறோம். குட்டி யானையில் இருக்கைகள் இரண்டே. ஓட்டுநருக்கு ஒன்று, அருகில் ஒருவருக்கு ஒன்று. பின்னால் இருப்பது தட்டு. அது சரக்குக்கு உரியது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் களையெடுப்பும் நடவும் நடக்கிற எந்தப் பருவத்திலும், தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் தட்டில் நெருங்கி நின்றுகொண்டு போவதைத் தமிழ்நாட்டின் எந்த மாவட்டச் சாலையிலும் காணலாம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பி எட்டாதவருக்கு முன்னால் நிற்பவரின் தோள்.

2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே வயல் வேலைக்குச் சென்ற பெண்களை ஏற்றிய சிறு சுமைவண்டி கவிழ்ந்து ஐவர் இறந்தனர். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து மலைக்கிராம மக்கள் கோயிலுக்குப் போன பிக்கப் வண்டி பள்ளத்தில் உருண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் இரங்கல் அறிக்கையும் நிவாரணத் தொகையும் வரும். ஓட்டுநர் மேல் வழக்குப் பதிவாகும். சில நாட்கள் சாவடிகளில் தடுத்து நிறுத்தி அபராதம் விதிப்பார்கள். அடுத்த நடவுக்கு மறுபடியும் அதே தட்டு.

தெரிந்தே ஏறுகிறார்களே, அவர்கள் மேல்தானே தவறு என்று படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். ஏறுவதற்கு வேறு என்ன நிற்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. வயல் வேலை விடியலில் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குப் பல சிற்றூர்களில் பேருந்து கிடையாது. 1997இல் மினி பேருந்துகள் வந்தன. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. 2025இல் மினி பேருந்துத் திட்டத்தை அரசு விரிவாக்கியது. இவை யாவும் நல்லவையே, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கட்டணமில்லாத பேருந்தும் விடிகாலையில் வராவிட்டால், காசு வாங்குகிற குட்டி யானைதான் வரும். வேலை கொடுப்பவரே வண்டியை அனுப்புகிறார். மேஸ்திரி தலைகளை எண்ணி ஏற்றுகிறார். ஏற மறுத்தால் அன்றைய கூலி இல்லை. இதில் தெரிந்தே ஏறுவது என்ற சொல்லுக்குப் பொருள் மிகக் குறைவு. அபராதம் மட்டும் விதித்து இதைத் தடுக்க முயன்றால், அந்த அபராதத்தையும் ஓட்டுநர் கூலியிலிருந்துதான் பிடிப்பார்.

மாருதிக்கு நாம் அநீதி இழைப்பதாகச் சிலர் நினைக்கலாம். அப்படியன்று. சொந்தமாக ஒரு வண்டி, மழையில் நனையாத பிள்ளைகள், நள்ளிரவில் மருத்துவமனைக்கு யாரையும் கெஞ்சாமல் போகிற நிம்மதி – இவை சிறிய காரியங்கள் அல்ல. அந்த நிம்மதியைப் பல லட்சம் குடும்பங்களுக்குக் கொடுத்த வண்டியை நினைத்து உருகுவதில் பிழையும் இல்லை. இன்றும் சிற்றூர்களில், பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிப் போகிற பழைய மாருதிகளைக் காண்கிறோம். வயதான காலத்தில் கார் சுமைவண்டியாகிவிட்டது. அதே ஊரில் சுமைவண்டி, கிடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு காராகிவிடுகிறது. கார் சுமை ஏற்றினால் ஆபத்தில்லை. புல்லுக்கட்டு விழுந்தால் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். சுமைவண்டி ஆளை ஏற்றும்போது விழுவது மனிதர்கள்.

ஆகவே இந்த ஒப்பீட்டின் முடிவாக இரண்டு செய்திகளைச் சொல்கிறோம். ஒன்று, எழுதுகிறவர்களுக்கு. உமணர் வண்டியைக் கோழிக்கூடு வரைக்கும் நின்று பார்த்த மரபில் வந்தவர்கள் நாம். இந்த இருபது ஆண்டுகளில் சந்தைக்கும் சந்துக்கும் இடையே ஓடிய வண்டிகளையும், அவற்றின் கடனையும் தூக்கத்தையும் முகூர்த்தத்தையும், பின்கதவில் எழுதிய பெயர்களையும் யாராவது அருகில் நின்று பார்த்து எழுத வேண்டும். அந்த மாணவி எழுதினால் மிக நன்று. மற்றொன்று, ஆள்கிறவர்களுக்கும் அவர்களிடம் கேட்கக் கடமைப்பட்ட நமக்கும். வயல் வேலைக்குப் போகிற ஊர்களுக்கு அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு பேருந்து வேண்டும். அதில் பெண்கள் உட்கார்ந்து போக வேண்டும்.